நீண்டகால விசா நிலுவையில் இருக்கும்போது வெளிநாட்டுப் பயணம்: காத்திருப்பதா, கிளம்புவதா?

நீண்டகால விசாவுக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கும் மாதங்களில்தான் எங்கிருந்தோ ஒரு பயணம் வந்து நிற்கும். அது அலுவலகக் கூட்டமாக இருக்கலாம், வேறொரு நாட்டில் வாழும் தங்கையின் பிரசவமாக இருக்கலாம், ஒரு வருடத்துக்கு முன்பே பணம் கட்டிவிட்ட சுற்றுலாவாக இருக்கலாம். முடிவு வருவதற்குள் போய்வந்துவிடலாமா, அசையாமல் இருப்பதா என்று கேட்டால் ஆளுக்கொரு விடை சொல்வார்கள். அவரவர் அனுபவத்தில் அந்த விடை சரியாகவும் இருக்கும். விடைகள் முரண்படுவதற்குக் காரணம், இரண்டு வேறுபட்ட நிலைமைகளை ஒரே கேள்விக்குள் போட்டுக் குழப்பிக்கொள்வதுதான். குடிபோக விரும்பும் நாட்டுக்கு வெளியே இருந்துகொண்டு தூதரகம் வழியாக விண்ணப்பித்தவர் ஒரு வகை; அந்த நாட்டுக்குள்ளேயே ஏதோ ஒரு விசாவில் தங்கியபடி, அதை நீட்டிக்கவோ வேறு வகைக்கு மாற்றவோ விண்ணப்பித்தவர் இன்னொரு வகை. முன்னவருக்குப் பயணத்தால் வரும் சிக்கல் பெரும்பாலும் பாஸ்போர்ட்டையும் தேதிகளையும் பற்றியது. பின்னவருக்கோ, விமானம் ஏறுவதே விண்ணப்பத்தை முடித்துவைத்துவிடக்கூடும். நான் பார்த்தவரையில், அதிகம் அஞ்சி வீட்டோடு இருப்பவர்கள் முதல் வகையினர். "விண்ணப்பித்த ரசீது இருக்கிறதே" என்று துணிந்து கிளம்புபவர்கள் இரண்டாம் வகையினர். அச்சம் இடம் மாறி உட்கார்ந்திருக்கிறது.

வெளியே இருந்து விண்ணப்பித்தவர் நடுவில் ஒரு மூன்றாவது நாட்டுக்குப் போய்வந்தார் என்பதற்காக மட்டும் அவருடைய கோப்பு பொதுவாக மூடப்படுவதில்லை. அவரைக் கட்டிப்போடுவது பாஸ்போர்ட் இருக்கும் இடம். கனடாவின் நிரந்தர வசிப்பு விண்ணப்பத்தில், முடிவு சாதகமாக அமையும் கட்டத்தில்தான் பாஸ்போர்ட்டை அனுப்பச் சொல்லிக் கடிதம் வரும். அதுவரை அது விண்ணப்பதாரரின் அலமாரியிலேயே இருக்கும். பிரிட்டனுக்கு விண்ணப்பிப்பவர்கள், பல விண்ணப்ப மையங்களில் தனிக் கட்டணம் செலுத்தி, முடிவு வரும்வரை பாஸ்போர்ட்டைத் தம்மிடமே வைத்துக்கொள்ளலாம். தமக்குள் எல்லைச் சோதனை இல்லாத ஐரோப்பிய நாடுகளான ஷெங்கன் நாடுகளின் 'டி' வகை நீண்டகால விசாவுக்கு இப்படி ஒரே நடைமுறை கிடையாது. ஒரு தூதரகம் நேர்காணல் முடிந்ததும் பாஸ்போர்ட்டைத் திருப்பித் தரும், மற்றொன்று முடிவு வரும்வரை பூட்டி வைத்துக்கொள்ளும். ஆகவே விண்ணப்பம் கொடுக்கும் நாளிலேயே, கவுண்டரில் இருப்பவரிடம் "இது எப்போது என் கைக்கு வரும், நடுவில் கேட்டால் தருவீர்களா" என்ற இரண்டு கேள்விகளையும் கேட்டுவிடுவது நல்லது.

பாஸ்போர்ட் தூதரகத்தில் மாட்டிக்கொண்ட பின் அதைத் திரும்பக் கேட்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. என் விண்ணப்பம் ஒன்று இரண்டு மாதமாக நகராமல் இருந்தபோது, எட்டு நாள் பயணத்துக்காகப் பாஸ்போர்ட்டைக் கேட்டுப் போனேன். கொடுத்த அரைப்பக்கப் படிவத்தில் இரண்டே கட்டங்கள்: ஒன்றில் "விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுகிறேன்", அதற்குக் கீழே "விண்ணப்பம் தொடரும், பயண ஆவணத்தைத் தற்காலிகமாகப் பெறுகிறேன்". வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் முதல் கட்டத்தில் டிக் போட்டுவிட்டு, பேனாவை என்னிடம் நீட்டினார். அவர் உண்மையிலேயே விண்ணப்பத்தைக் கைவிட வந்தவரா, பாஸ்போர்ட்டை மட்டும் கேட்க வந்தவரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. சில இடங்களில் இப்படி இரண்டு கட்டங்களும் இருக்காது. பாஸ்போர்ட்டைக் கேட்பதையே விண்ணப்பத்தை வாபஸ் பெறுவதாக எடுத்துக்கொள்வார்கள். படிவம் இல்லாத இடத்தில், விண்ணப்பம் தொடர வேண்டும் என்பதை எழுத்தில் கேட்டு, எழுத்திலேயே பதிலும் வாங்கிக்கொண்ட பிறகுதான் பாஸ்போர்ட்டைக் கையில் வாங்க வேண்டும்.

இரண்டாவது பாஸ்போர்ட் என்ற வழியும் சிலருக்கு உண்டு. அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனி ஆகியவை தகுந்த காரணம் காட்டும் தம் குடிமக்களுக்கு ஒரே நேரத்தில் செல்லுபடியாகும் இன்னொரு பாஸ்போர்ட்டைத் தருகின்றன. அமெரிக்காவின் இரண்டாவது பாஸ்போர்ட்டுக்கு அதிகபட்ச ஆயுள் 4 ஆண்டு. ஒருவருக்கு ஒரே சாதாரணப் பாஸ்போர்ட் என்று சட்டம் வைத்திருக்கும் நாடுகளின் குடிமக்களுக்கு இந்தப் பேச்சே இல்லை. வசதி இருப்பவர்களும், பயண வரலாறு இரண்டு புத்தகங்களில் சிதறிக் கிடக்கும் என்பதையும், விண்ணப்பப் படிவம் கேட்டால் இரண்டையும் சொல்லியாக வேண்டும் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

பாஸ்போர்ட் கையில் இருந்தால் அடுத்தது நாள்காட்டி. நீண்டகால விசா விண்ணப்பத்தில் மாதக்கணக்கில் ஒன்றுமே நடக்காது. பிறகு திடீரென்று ஒரு மின்னஞ்சல் வந்து கெடு வைக்கும். கனடா, கைரேகையும் புகைப்படமும் தரச் சொல்லும் கடிதத்தில் பொதுவாக 30 நாள் அவகாசம் கொடுக்கிறது. ஆஸ்திரேலியாவில் கூடுதல் ஆவணம் கேட்டு வரும் கடிதங்களில் 28 நாள் என்ற கெடுவைப் பலரும் பார்த்திருப்பார்கள். அப்படியானால் இரண்டு வாரப் பயணம், நடுவில் எந்தக் கடிதம் வந்தாலும், திரும்பி வந்து பதில் சொல்ல இடம் கொடுக்கிறது. ஆறு வாரப் பயணம் கொடுக்காது. மருத்துவப் பரிசோதனை, நேர்காணல் ஆகியவை இன்னும் வராத கட்டத்தில் நீண்ட பயணம் போவதைவிட, அவை முடிந்து வெறும் முடிவுக்காகக் காத்திருக்கும் கட்டத்தில் போவது மேல். ஒரு நாட்டில் பல மாதம் தங்கிவிட்டால் வேறொரு தொல்லையும் சேரும். கனடா போன்ற நாடுகள், தொடர்ந்து 6 மாதமோ அதற்கு மேலோ வாழ்ந்த நாடுகளிலிருந்து காவல்துறைச் சான்றிதழ் கேட்கின்றன. நிலுவைக் காலத்தில் போட்ட நீண்ட தங்கல், கோப்பில் ஒரு புதிய ஆவணத்தைத் தேவையாக்கிவிடலாம்.

இவற்றையெல்லாம் கூட்டிக் கழித்துப் பார்த்தால், வெளியே இருந்து விண்ணப்பித்தவர் மூன்றாவது நாடு ஒன்றுக்குக் குறுகிய பயணம் போவதில் இழப்பதற்கு அதிகம் இல்லை. என் எட்டு நாள் பயணத்தின் நான்காம் நாள் சாதகமான முடிவு வந்தது. திரும்பிய மறுநாள் பாஸ்போர்ட்டைக் கொடுத்தேன், விசா ஒட்டிக் கொடுத்தார்கள். பயணம் போகாமல் இருந்திருந்தால் அது ஐந்து நாள் முன்னதாகக் கிடைத்திருக்கும், அவ்வளவுதான்.

ஆனால் போகும் இடம் மூன்றாவது நாடாக இல்லாமல், விண்ணப்பித்திருக்கும் அதே நாடாக இருந்தால் கதை மாறுகிறது. வீடு பார்க்க, பள்ளி பார்க்க, மனைவியையோ கணவரையோ பார்க்க என்று குறுகிய கால விசாவிலோ விசா விலக்கிலோ அங்கே போக நினைப்பது இயல்பு. நாடுகள் இதைப் பார்க்கும் விதத்தில் அடிப்படையான வேறுபாடு இருக்கிறது. கனடாவின் குடிவரவுச் சட்டத்தின் 22(2) பிரிவு, நிரந்தரமாகக் குடியேறும் எண்ணம் இருப்பதாலேயே ஒருவர் தற்காலிகமாக வந்துபோகத் தகுதி இழப்பதில்லை என்று சொல்கிறது. கெடு முடிந்ததும் வெளியேறுவார் என்று அலுவலர் நம்பினால் போதும். அமெரிக்காவில் நிலைமை நேரெதிர். அங்கே குடிவரவுச் சட்டத்தின் 214(பி) பிரிவின்படி, சுற்றுலா விசா கேட்பவர் குடியேற வருபவர் என்றே முதலில் கருதப்படுகிறார். இல்லை என்று நிரூபிக்கும் சுமை அவர் தலையில். அந்த விசாவுக்கு நிரப்பும் டிஎஸ்-160 படிவமே, உங்கள் பெயரில் யாராவது குடியேற்ற மனு தாக்கல் செய்திருக்கிறார்களா என்று நேரடியாகக் கேட்கிறது. ஆம் என்று எழுதினால் விசா மறுக்கப்படும் வாய்ப்பு கூடுகிறது. இல்லை என்று எழுதினால் அது பொய், அந்தப் பொய் பின்னால் வரும் குடியேற்ற விசாவையே கவிழ்த்துவிடும். பிரிட்டனில் இப்படிப்பட்ட ஏமாற்றுக்கு 10 ஆண்டு வரையும், கனடாவில் தவறான தகவலுக்கு 5 ஆண்டும் தடை விழக்கூடும். இதனால், அமெரிக்கக் குடியேற்ற மனு நிலுவையில் உள்ள ஒருவர் புதிதாகச் சுற்றுலா விசா கேட்டு வாங்கிக்கொண்டு போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அவருடைய குடும்பத்தினர் அவரைப் பார்க்க வருவதே மலிவான வழி.

ஷெங்கன் நாடுகளில் கவலை வேறு. எந்த 180 நாளை எடுத்தாலும் அதில் 90 நாளுக்கு மேல் குறுகிய காலத் தங்கல் கூடாது என்பது விதி. 2025 அக்டோபர் 12 முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்த மின்னணு நுழைவு-வெளியேற்றப் பதிவு, முத்திரைகளை விரல்விட்டு எண்ணும் வேலையைக் கணினியிடம் கொடுத்துவிட்டது. ஒரு நாள் அதிகமானாலும் பதிவில் தெரியும். நீண்டகால விசா கிடைத்த பிறகு அதன் கீழ் அந்த நாட்டில் தங்கும் நாட்கள் இந்த 90-இல் சேராது என்றாலும், நிலுவைக் காலத்தில் போனவை சேரும். சுற்றுலாப் பயணியாக உள்ளே போய் உட்கார்ந்துகொண்டு, விசா வந்ததும் அங்கேயே தங்கிவிடலாம் என்று எண்ணுவதிலும் பொருள் இல்லை. தூதரகத்தில் கேட்ட 'டி' விசாவைப் பெரும்பாலும் விண்ணப்பித்த தூதரகத்தில்தான் ஒட்டுவார்கள். அதைப் பெற வெளியே வந்துதான் ஆக வேண்டும். ஜெர்மனியோ அமெரிக்கா, கனடா, ஜப்பான், ஆஸ்திரேலியா, பிரிட்டன் உள்ளிட்ட சில நாடுகளின் குடிமக்களை விசா இல்லாமல் உள்ளே வந்து அங்கேயே வசிப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்க விடுகிறது. அந்தச் சலுகையிலும் ஒரு கொக்கி இருக்கிறது.

இனி, நாட்டுக்குள் இருந்தபடியே விண்ணப்பிக்கும் இரண்டாம் வகை. இதில், விண்ணப்பம் கொடுத்த அன்று கையில் கிடைக்கும் ஒரு தாள் அல்லது மின்னஞ்சல், "முடிவு வரும்வரை நீங்கள் சட்டப்படி இங்கே இருக்கலாம்" என்கிறது. அந்தத் தாள் "இருக்கலாம்" என்று மட்டும் சொல்கிறதா, "போய்த் திரும்பி வரலாம்" என்றும் சொல்கிறதா என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது.

பிரிட்டனின் விதி மிகக் கறாரானது. அங்கே தங்கும் அனுமதியை நீட்டிக்க உள்ளிருந்து விண்ணப்பித்தவர், முடிவு வருமுன் பொதுப் பயணப் பகுதியைவிட்டு வெளியேறினால், வெளியேறிய தேதியிலேயே விண்ணப்பம் திரும்பப் பெறப்பட்டதாகக் கருதப்படும். பிரிட்டன், அயர்லாந்து, ஐல் ஆஃப் மான், சேனல் தீவுகள் ஆகியவை அந்தப் பகுதிக்குள் அடக்கம். அதாவது டப்ளினுக்குப் போனால் விண்ணப்பம் பிழைக்கும், பாரிசுக்குப் போனால் பிழைக்காது. எத்தனை மணி நேரம் போனீர்கள் என்பது பொருட்டல்ல. டப்ளினுக்குப் போக அயர்லாந்து விசா தேவைப்படுமா என்பது தனிக் கேள்வி.

ஆஸ்திரேலியா இதே சிக்கலைப் பிரிட்ஜிங் விசா என்ற இடைக்கால விசாக்களாகப் பிரித்து வைத்திருக்கிறது. உள்ளிருந்து விண்ணப்பிப்பவருக்குப் பொதுவாகக் கிடைப்பது பிரிட்ஜிங் விசா ஏ. அதன் கீழ் இருப்பவர் நாட்டைவிட்டுப் போனால் அது அங்கேயே முடிந்துவிடும். பிரிட்ஜிங் விசா சி-யிலும் பயண உரிமை இல்லை. போய்த் திரும்ப வேண்டுமானால் கிளம்புமுன் பிரிட்ஜிங் விசா பி வாங்க வேண்டும். அதில் குறிப்பிட்ட ஒரு தேதிக்குள் திரும்பிவிட வேண்டும். பயணத்துக்கு மூன்று மாதத்துக்கு முன்பிலிருந்து இரண்டு வாரத்துக்கு முன்புவரை அதற்கு விண்ணப்பிப்பது உகந்தது என்பது அந்நாட்டுக் குடிவரவுத் துறையின் அறிவுரை. நியூசிலாந்தில் நிலுவைக் காலத்துக்குக் கிடைக்கும் இடைக்கால விசாவும் நாட்டைவிட்டு வெளியேறியதும் முடிந்துவிடுகிறது. ஏ-க்கும் பி-க்கும் இருக்கும் வேறுபாட்டை ஆஸ்திரேலியாவில் கற்றவர்கள் நியூசிலாந்துக்குப் போய் ஒரு 'பி'-யைத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது.

அமெரிக்காவில் கிரீன் கார்டுக்காக உள்ளிருந்தே ஐ-485 படிவம் கொடுத்தவர், அட்வான்ஸ் பரோல் என்ற முன் அனுமதி கைக்கு வருமுன் வெளியேறினால் விண்ணப்பத்தைக் கைவிட்டவராகிறார். அனுமதி கேட்டு ஐ-131 படிவம் கொடுத்த ரசீது போதாது. அனுமதியே கையில் இருக்க வேண்டும். செல்லுபடியாகும் எச்-1பி, எல்-1 வேலை விசா நிலையில் இருப்பவர்களும் அவர்களைச் சார்ந்த எச்-4, எல்-2 குடும்பத்தினரும் இதற்கு முக்கியமான விலக்கு. அவர்கள் அதே நிலையில் செல்லுபடியாகும் விசாவோடு திரும்பினால் விண்ணப்பம் தொடர்கிறது. பரோல், எச்-1பி இரண்டும் கையில் இருப்பவர் எதைக் காட்டித் திரும்புவது என்று கேட்டால், விசா முத்திரை செல்லுபடியாகும்வரை எச்-1பி-யையே காட்டித் திரும்பச் சொல்வேன். பரோலில் நுழைந்தவர் முழுவதும் ஐ-485-ஐ நம்பி நிற்கிறார். அது மறுக்கப்பட்டால் காலுக்குக் கீழே வேறு தரை இல்லை. எச்-1பி-யில் நுழைந்தவருக்கு அந்த நிலை மிச்சம் இருக்கும். விசா முத்திரை காலாவதியாகி, வெளிநாட்டுத் தூதரகத்தில் நேர்காணல் தேதிக்கு அலைய வேண்டியிருந்தால் மட்டும் பரோல் முந்துகிறது.

ஜெர்மனியில் நிலுவைக் காலத்துக்குத் தரும் தற்காலிகச் சான்றுத் தாளின் உள்ளே கட்டங்கள் அச்சிடப்பட்டிருக்கும். அவற்றுள் எதில் குறி விழுந்திருக்கிறது என்று பாருங்கள். வசிப்புச் சட்டத்தின் 81-ஆம் பிரிவில் 4-ஆம் உட்பிரிவு குறியிடப்பட்டிருந்தால், பழைய அனுமதி அப்படியே தொடர்வதாகப் பொருள். பழைய அட்டையோடும் பாஸ்போர்ட்டோடும் போய்த் திரும்பலாம். 3-ஆம் உட்பிரிவு குறியிடப்பட்டிருந்தால் உள்ளே தங்கலாம், அந்தத் தாளை மட்டும் காட்டித் திரும்பி நுழைய முடியாது. விசா இல்லாமல் வந்து உள்ளே விண்ணப்பித்தவர்களுக்கு விழுவது பெரும்பாலும் இந்த 3. மேலே சொன்ன கொக்கி இதுதான். பிரான்சிலும் இதற்கு இணையான பிரிவு உண்டு: வசிப்பு அட்டையைப் புதுப்பிக்க விண்ணப்பித்த ரசீது, பழைய அட்டையோடு சேர்ந்தால் பொதுவாகத் திரும்பிவர உதவும், முதல் அட்டைக்கு விண்ணப்பித்த ரசீது, செல்லுபடியாகும் விசா கூடவே இல்லையென்றால் உதவாது.

கனடா நடுவில் நிற்கிறது. அனுமதி முடியுமுன் நீட்டிப்புக்கு விண்ணப்பித்தவர் பழைய நிபந்தனைகளிலேயே தங்கலாம். வெளியேறினால் விண்ணப்பம் ஓடிக்கொண்டிருக்கும், அந்தத் தொடர்நிலை மட்டும் முடிந்துவிடும், திரும்பி நுழைவது எல்லையில் இருக்கும் அலுவலரைப் பொறுத்தது. ஜப்பானில் காலக்கணக்குதான் முக்கியம். 2012 ஜூலையில் வந்த சிறப்பு மறுநுழைவு முறையால் வசிப்பு அட்டை உள்ளவர் தனி அனுமதி இல்லாமலே போய்வரலாம். விண்ணப்பம் நிலுவையில் இருந்தால், பழைய கெடு முடிந்த பின்னும் முடிவு வரும்வரை, அதிகபட்சம் 2 மாதம், தங்கும் காலம் தொடரும். அந்த 2 மாதத்துக்குள் திரும்பி வந்து புதிய அட்டையைப் பெற்றுவிட வேண்டும்.

திரும்பிவரும் உரிமை சட்டத்தில் இருப்பதும், அதை விமான நிலையத்தில் நிலைநாட்டுவதும் ஒன்றல்ல. உங்களை முதலில் சோதிப்பவர் செக்-இன் கவுண்டரில் இருக்கும் விமான நிறுவன ஊழியர். உரிய ஆவணம் இல்லாதவரை ஏற்றிச் சென்றால் நிறுவனத்துக்கு அபராதம் விழும்; அதனால் அவர் டைமேட்டிக் என்ற தரவுத்தளத்தைப் பார்த்து, அங்கே எழுதியிருப்பதை வைத்து முடிவெடுப்பார். காலாவதியான அட்டையையும் ஒரு மடித்த தாளையும் நீட்டினால் அவர் மேற்பார்வையாளரைக் கூப்பிடுவார், அவர் தொலைபேசியை எடுப்பார், போர்டிங் முடிய நாற்பது நிமிடம் இருக்கும். இத்தகைய தாளோடு போகிறவர்கள் நேரடி விமானத்தில் போவது நல்லது. இத்தாலியின் வசிப்பு ரசீதை வைத்திருப்பவர்களுக்கு இது கட்டாயம் என்றே சொல்லலாம். அந்த ரசீது இத்தாலிக்கும் சொந்த நாட்டுக்கும் இடையில் போய்வர உதவும், வேறொரு ஷெங்கன் நாட்டு விமான நிலையம் வழியாக நுழைய உதவாது.

இத்தனைக்கும் நடுவே பலர் எண்ணிப் பார்க்காத ஒரு வழி இருக்கிறது: பயணத்தைத் தள்ளிப் போடாமல், முடிவை முன்னால் இழுப்பது. பிரிட்டனுக்குள் இருந்து விண்ணப்பிக்கும் பல வகைகளில், கூடுதல் கட்டணம் செலுத்தினால் 5 வேலை நாளிலோ, அதைவிட அதிகம் செலுத்தினால் அடுத்த வேலை நாள் முடிவதற்குள்ளோ முடிவு சொல்லும் சேவை உண்டு. வெளியேறினாலே விண்ணப்பம் அழியும் நாட்டில், பயணத் தேதி தெரிந்திருக்கும் ஒருவருக்கு இந்தக் கட்டணம் வீண் அல்ல. ரத்து செய்த டிக்கெட்டையும் மீண்டும் கட்ட வேண்டிய விண்ணப்பக் கட்டணத்தையும் கூட்டினால் பல வேளைகளில் அதுவே குறைவு. இதை விண்ணப்பிக்கும்போதே தேர்ந்தெடுத்துவிடுவது நல்லது, பின்னால் மாற்றிக்கொள்ள எப்போதும் வழி இருக்காது. அமெரிக்காவின் ஐ-485-க்கு இப்படிப் பணம் கட்டி விரைவுபடுத்தும் வசதியே இல்லை.

மிஞ்சியிருப்பது, நெருங்கிய ஒருவர் உயிருக்குப் போராடுகிறார், திரும்பிவரும் அனுமதி இன்னும் வரவில்லை என்ற நிலை. அமெரிக்காவில் அவசர அட்வான்ஸ் பரோல் கேட்க உள்ளூர்க் குடிவரவு அலுவலகத்தில் நேரம் வாங்கலாம். மருத்துவமனைக் கடிதம், உறவைக் காட்டும் சான்று, டிக்கெட் விவரம் ஆகியவற்றை அன்றே கொண்டுபோக வேண்டும். ஆஸ்திரேலியாவிலும் பிரிட்ஜிங் விசா பி விண்ணப்பத்தோடு அவசரத்துக்கான ஆவணங்களை இணைத்துவிட்டு, குடிவரவுத் துறையைத் தொடர்புகொண்டு கேட்கலாம். பிரிட்டனில் மேலே சொன்ன விரைவுச் சேவைக்கும் நேரம் இல்லையென்றால், விண்ணப்பம் போகும் என்று தெரிந்தே கிளம்புவதுதான் மிச்சம். நானாக இருந்தால் கிளம்பிவிடுவேன். அப்படிக் கிளம்புகிறவர், பழைய அனுமதி உயிரோடு இருக்கும்போதே வெளியேறிய தேதியைக் காட்டும் போர்டிங் பாஸையும், விண்ணப்பத்தின் நகலையும், காரணத்தைச் சொல்லும் மருத்துவக் கடிதத்தையும் ஒரே உறையில் போட்டு எடுத்துக்கொள்ளட்டும். வெளியிலிருந்து மீண்டும் விண்ணப்பிக்கும்போது, முந்தைய விண்ணப்பம் ஏன் பாதியில் நின்றது என்ற கேள்விக்கு அந்த உறையில் இருப்பவற்றைக் கொண்டுதான் பதில் எழுத வேண்டியிருக்கும்.